எந்த மண்ணுக்குத் திரும்புவது?



இன்றைய பேச்சின் பொருள் பலஸ்தீன அகதிகளின் திரும்பும் உரிமை. இந்தப் பொருளில் கொழும்பில் கூட்டம் நடந்தால் அது பெரும்பாலும் ஓர் ஆதரவுக் கூட்டமாக முடிந்துவிடும். ஒரு கண்டனத் தீர்மானம், ஒரு கைதட்டல், பிறகு தேநீர். இங்கே பதுளைப் பக்கம், நமுனுகுல மலையடிவாரத்தில், அப்படி முடித்துவிட்டுப் போக முடியாது. திரும்பிப் போவதை ஒரு மக்கள் உரிமையாகக் கேட்பது பலஸ்தீனக் கதை. திரும்பிப் போகும்படி ஒரு மக்களுக்குக் கட்டளையிட்டது நம்முடைய கதை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உரிமை எங்கே இருக்கிறது என்பது துலங்கும். என் வாதம் ஒன்றுதான். ஒரு மனிதர் தம் வாழ்வைக் கட்டிக்கொண்ட இடம் எதுவோ அந்த இடத்துக்கே அவருடைய திரும்பும் உரிமை பொருந்தும். அவருடைய பாட்டனார் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறினார் என்ற கணக்கு அந்த உரிமையைத் தீர்மானிக்காது. இந்த அளவுகோலை யாஃபாவுக்கும் ஹைஃபாவுக்கும் ஏற்றுக்கொள்கிறவர், பதுளைக்கும் பண்டாரவளைக்கும் அதை மறுக்க முடியாது. இலங்கை அரசுகள் அரை நூற்றாண்டாக அந்த மறுப்பைத்தான் செய்து வந்திருக்கின்றன.

நாட்காட்டியிலிருந்தே தொடங்கலாம். 1948 நவம்பர் 15ஆம் திகதி இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு இந்த மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். டிசம்பர் 10ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 13ஆம் உறுப்புரை, எவருக்கும் தம் நாட்டை விட்டு வெளியேறவும் தம் நாட்டுக்குத் திரும்பவும் உரிமை உண்டு என்கிறது. 15ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனத்துவத்துக்கு, அதாவது ஒரு நாட்டின் பிரஜாவுரிமைக்கு, உரிமை உண்டு என்கிறது. மறுநாள், டிசம்பர் 11ஆம் திகதி, அதே பொதுச்சபை 194ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தம் வீடுகளுக்குத் திரும்பி அயலவரோடு சமாதானமாக வாழ விரும்பும் அகதிகளை அனுமதிக்க வேண்டும், திரும்ப விரும்பாதவர்களின் உடைமைக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் 11ஆம் பந்தியின் சாரம். இந்த மூன்றும் ஒரு மாதத்துக்குள் நடந்தவை. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்புரிமைகூடப் பெற்றிருக்கவில்லை. 1955இல்தான் உள்ளே போனது. 194ஆம் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தவற்றில் ஆறு அரபு நாடுகளும் இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவற்றுக்கு அப்போது அது இஸ்ரேலை ஏற்றுக்கொள்வதாகப் பட்டது. பின்னர் அந்தத் தீர்மானத்தையே அவை இறுகப் பற்றிக்கொண்டன. உரிமைகள் பிறக்கும் இடங்கள் எப்போதும் அவ்வளவு தூய்மையானவையாக இருப்பதில்லை.

பலஸ்தீனத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1947 இறுதியிலிருந்து 1949 வரை நடந்த போரில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட அரபு மக்கள் விரட்டப்பட்டோ அஞ்சி ஓடியோ இடம்பெயர்ந்தனர். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் வெறுமையாயின. 1950இல் இஸ்ரேல் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, போனவர்களின் நிலத்தையும் வீட்டையும் அரசின் கைக்கு மாற்றியது. மற்றது, உலகில் எங்கே பிறந்த யூதரானாலும் வந்து குடியேறலாம் என்றது. 1970இல் அது திருத்தப்பட்டு யூதரின் பேரப்பிள்ளைகள் வரை நீட்டப்பட்டது. ஹைஃபாவில் பிறந்து வளர்ந்து கடை வைத்திருந்த அரபுக்காரர் லெபனானிலிருந்து திரும்பி வர முடியாது. அந்த ஊரைப் பார்த்தேயிராத ஒருவர் தம் பாட்டியின் பெயரால் அங்கே குடியேறலாம். ஹிட்லரின் ஐரோப்பாவில் தப்பி நின்றவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. அந்தக் கதவைத் திறக்க இன்னொரு கதவை ஏன் பூட்ட வேண்டும் என்பதே கேள்வி. விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. வாழ்ந்த இடத்தைக் கொண்டு உரிமை கணிப்பதா, வம்சத்தைக் கொண்டு கணிப்பதா?

இனி நம் பக்கம் வருவோம். 1948ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டமும் பாட்டன்மாரை எண்ணிய சட்டம்தான். இந்த மண்ணில் பிறந்தவர்கூடத் தம் தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவில் பிறந்த குழந்தைக்குப் பத்திரம் எழுதி வைக்காத காலத்தின் மக்களிடம் கேட்கப்பட்ட சான்று அது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்தது. எட்டு இலட்சம் பேர் வரை விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. இடையில் ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ தமிழ்நாட்டுக்குப் போய் வந்ததுகூட, இங்கே நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் இல்லாததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வாக்குரிமையும் 1949இல் போயிற்று. 1954இல் இரு நாட்டுப் பிரதமர்களான நேரு, கொத்தலாவல பேச்சு. அதில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்கள் செய்துகொண்ட ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவானது. 1974இல் அந்த மீதியையும் சரிபாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். பதினைந்து ஆண்டில் ஏழுக்கு நான்கு என்ற விகிதத்தில் காரியம் நடக்க வேண்டும். இதைப் பேசி முடித்த மேசையில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரும் இருக்கவில்லை.

முதல் மறுப்பு இங்கே எழும். பலஸ்தீனரை ஆயுதம் விரட்டியது. தோட்டத் தொழிலாளர் தாங்களாக விண்ணப்பம் எழுதிக் கைநாட்டு வைத்தல்லவா போனார்கள், சம்மதத்தோடு போனவர்களை விரட்டப்பட்டவர்களோடு எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, விண்ணப்பத் தொகையே அதற்குப் பதில் சொல்கிறது. 1970இல் விண்ணப்பக் காலம் முடிந்தபோது இந்தியாவைக் கேட்டிருந்தவர்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். இலங்கையைக் கேட்டிருந்தவர்கள் ஆறு இலட்சத்துக்கும் மேல். மக்களைக் கேட்டிருந்தால் ஒப்பந்தத்தின் விகிதம் தலைகீழாக இருந்திருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கூர்மையானது. டட்லி சேனாநாயக்க அரசின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில், இந்தியப் பிரஜாவுரிமை வழங்கப்படும் தொகைக்கு ஏற்ப இங்கே பிரஜாவுரிமை கொடுப்பதாக இருந்தது. 1971ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றி, உண்மையில் கப்பலேறிப் போனவர்களின் தொகையோடு கட்டிப்போட்டது. ஏழு பேர் தலைமன்னாரில் ஏறினால்தான் நான்கு பேருக்கு இங்கே பதிவு. ஒருவருடைய பிரஜாவுரிமை பக்கத்து லயத்துக்காரரின் வெளியேற்றத்தில் தொங்கியது. அதே ஆண்டுகளில்தான் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு நிகழ்ந்ததும், 1977 இனக்கலவரத்தில் லயங்கள் எரிந்ததும். பசியும் நெருப்பும் துரத்திய பயணத்தைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டால், காஸா மக்களை வேறு நாடுகளுக்குச் 'சுயவிருப்பின்படி' அனுப்பலாம் என்று 2025இல் பேசப்பட்ட யோசனையையும் நாம் சம்மதம் என்றே ஏற்க வேண்டியிருக்கும்.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு, அரபு மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் காட்டி இஸ்ரேலுடனான இராஜதந்திர உறவை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு தலைமன்னார் வழியே போகும் தலைகளுக்கு விகிதம் போட்ட திருத்தத்தைக் கொண்டுவந்ததும் அதே அரசு. இதைப் பாசாங்கு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்: அரபுக்காரர் பலஸ்தீனத்துக்கு உரியவர், தமிழ்க் கூலி இந்தியாவுக்கு உரியவர். இரண்டு நம்பிக்கைக்கும் அடியில் இருந்தது ஒரே எண்ணம். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மண், அந்த மண்ணுக்கு வெளியே நிற்பவர் விருந்தாளி. பலஸ்தீனருக்கு ஆதரவாக நிற்பவர்களில் பலர் இந்த எண்ணத்தை வைத்துக்கொண்டே நிற்கிறார்கள். அந்த ஆதரவு இஸ்ரேலின் சட்டத்தை அடிப்படையில் எதிர்ப்பதில்லை. வேறோர் இனத்தின் பெயரை அதில் எழுதச் சொல்கிறது, அவ்வளவுதான். நமக்கு அந்த ஆதரவு உதவாது.

இந்த ஒப்பந்தத்தின் கீழ், 1984இல் இராமேஸ்வரம் கப்பல் நிற்கும்வரை நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 1953ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேராக இருந்த சமூகம், 1981இல் ஐந்தரைப் பேராகச் சுருங்கியது. போனவர்களுக்கு அங்கே என்ன கிடைத்தது என்பது நீலகிரியில் எழுதியிருக்கிறது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்களுக்கென்றே தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. காடழித்துச் செடி வைத்தவர்கள் ஓய்வு வயதில் அந்தத் தோட்டக் குடியிருப்பை விட்டுப் போக வேண்டிய நிலையில் நிற்கிறார்கள். கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் கேரளத்தின் புனலூரிலும் ரப்பர் தோட்டம். வேறு பலருக்குச் சிறு தொழில் கடன் ஒன்று. கடை நடத்தித் தெரியாதவர்கள் கையில் அது ஓர் ஆண்டுகூடத் தங்கவில்லை. பூர்வீக ஊர் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களைப் பூர்வீக ஊரே 'சிலோன்காரர்' என்று கூப்பிட்டது. இங்கே 'கள்ளத்தோணி', அங்கே 'சிலோன்காரர்'. அவர்களுடைய உறவு எந்த இடத்தோடு இருந்தது என்பதைப் பூர்வீக ஊரின் வாயே சொல்லிவிட்டது.

சட்டமும் மெல்ல இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை, தம் 'சொந்த நாட்டுக்குள்' நுழையும் உரிமையை எவரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது. இலங்கை 1980இல் அதில் சேர்ந்தது. சொந்த நாடு என்பது கடவுச்சீட்டு கொடுத்த நாடு மட்டுமா என்ற கேள்விக்கு, அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு 1999இல் தன் 27ஆம் பொதுக் கருத்துரையில் விளக்கம் தந்தது. தேசிய இனத்துவத்தைவிட அது அகலமானது. சர்வதேசச் சட்டத்தை மீறிப் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவர்கள், ஒரு நாட்டோடு நெருங்கிய நீடித்த உறவு உள்ளவர்கள், நெடுங்காலம் வதிந்தும் பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட நாடற்றவர்கள் ஆகியோருக்கும் அந்த நாடு சொந்த நாடாக இருக்கலாம். பலஸ்தீனருக்காக வாதாடும் சட்ட அறிஞர்கள் இந்தக் கருத்துரையை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஸ்பிரிங்வெளியிலோ தெமோதரையிலோ பிறந்து முப்பது வயதில் கோத்தகிரிக்கு அனுப்பப்பட்ட பெண்ணுக்காக இதை எடுத்துக்காட்ட இங்கே ஒருவரும் முன்வரவில்லை.

இரண்டாம் மறுப்பு கனமானது. அதை நம்மவர் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்த மலை யாருடையது என்று ஊவாச் சிங்கள விவசாயி கேட்கிறார். 1817, 18இல் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது வயல்களை எரித்தார்கள், குளங்களையும் கால்நடையையும் அழித்தார்கள். 1840ஆம் ஆண்டின் சட்டம், உறுதி காட்ட முடியாத சேனை நிலத்தையும் காட்டையும் முடிக்கு உரியதாக்கியது. அந்த நிலம்தான் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் போனது. தங்கள் மேய்ச்சல் நிலத்தை இழந்த கிராமங்கள் மலைச்சரிவில் நிறைந்த அயல்மொழிக்காரரைப் பார்த்தன. நாளை இவர்களுக்கு வாக்கும் நிலமும் கிடைத்தால் நாம் என்ன ஆவோம் என்று அஞ்சின. அந்த அச்சம் கற்பனை இல்லை; அதற்குப் பின்னால் உண்மையான பறிப்பு இருந்தது. நம் மக்களின் வாக்கைப் பறித்த அதே 1949இல்தான் கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவையும் அரசு நியமித்தது. ஆனால் பறித்தது யார்? முடி பறித்தது, கம்பனி வாங்கியது. ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்கள் ஒரு பேர்ச் நிலத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இருநூறு ஆண்டு கடந்தும் ஏழு பேர்ச் துண்டுக்குத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள். கிராமத்தின் கடனை யார் பட்டாரோ அவரிடம் வசூலிக்காமல், அவருக்கு வேலை செய்தவரிடம் வசூலித்தார்கள். ஐரோப்பா யூதருக்குப் பட்ட கடனைப் பலஸ்தீனக் கிராமத்தான் அடைத்ததும் இதே கணக்கில்தான்.

இதன் தொடர்ச்சிதான் சனத்தொகை வாதம். பதிவு செய்யப்பட்ட பலஸ்தீன அகதிகள் இன்று ஏறத்தாழ 59 இலட்சம். இவர்கள் எல்லோரும் திரும்பினால் யூதருக்கென்று ஒரு நாடு இராது, ஆகவே இது நாட்டைக் கலைக்கும் கோரிக்கை என்று இஸ்ரேலிய அறிஞர்கள் சொல்கிறார்கள். வலதுசாரிகள் மட்டுமல்ல, சமாதானத்துக்காகப் பாடுபட்டவர்களும் சொல்கிறார்கள். அவர்கள் அச்சத்தை எள்ளி நகையாடுவதில் பயனில்லை. 2023 ஒக்டோபர் 7ஆம் திகதித் தாக்குதலுக்குப் பிறகு அது கூடியிருக்கிறது. ஆனாலும் ஓர் இனத்தின் பெரும்பான்மையைக் காக்க வேண்டும் என்பதே வெளியேற்றத்துக்குப் போதிய காரணம் என்றால், 1948இல் கொழும்பு சொன்னதும் சரிதான். எத்தனை பேர், எத்தனை ஆண்டில், எந்த ஒழுங்கில் என்பவை பேசித் தீர்க்க வேண்டியவை. உரிமை உண்டா என்பது அந்தப் பேச்சுக்கு முந்தியது. வேறு சிலர், அரபு நாடுகளிலிருந்து எட்டு இலட்சம் யூதர் வெளியேறவில்லையா, இது ஒரு பரிமாற்றம் அல்லவா என்பார்கள். பக்தாதிலிருந்து உடைமையைப் பறிகொடுத்துப் போன யூதருக்கும் கேட்கும் உரிமை உண்டு. அவர் பக்தாதிடம் கேட்க வேண்டும். பரிமாற்றம் என்ற சொல்லுக்கு நாம்தான் மிகவும் அஞ்ச வேண்டியவர்கள். ஏழுக்கு நான்கு என்பதும் ஒரு பரிமாற்றக் கணக்கே. மனிதரை அரசுகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலில் தொகையாக வைத்தால் அதற்குள் ஒருவருடைய விருப்பம் எங்கே நிற்கும்?

ஒப்பீட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் இந்தியப் பிரஜைகள் ஆனார்கள், வாக்களிக்கிறார்கள், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். லெபனான் முகாமிலுள்ள பலஸ்தீனருக்கு அந்த நிலை இல்லை. கூடலூரில் பிறந்து பதுளையைப் பார்த்திராத பேரனுக்கு, பதுளையில் பிறந்த பாட்டிக்கு உள்ள அதே உரிமை உண்டு என்று நான் வாதாட மாட்டேன். வாதாடினால் என் அளவுகோலே உடையும். பாட்டன்மாரை எண்ணும் சட்டத்துக்கு நானே திரும்பியவனாவேன். பலஸ்தீன விவாதத்திலும் இது கடினமான முடிச்சு. நான்காம் தலைமுறையில் உறவு மெலியும் என்பது உண்மை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. வேறு எந்த நாடும் பிரஜாவுரிமை தராமல் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு, மெலிந்த அந்த உறவுதான் இருக்கும் ஒரே உறவு. வேறிடத்தில் வேரூன்றியவருக்கு அது பல உறவுகளில் ஒன்று. காலம் உரிமையைக் கரைக்கும் என்று அரசுகள் காத்திருப்பதற்குப் பரிசு கொடுக்கவும் கூடாது. ஆகவே, அனுப்பப்பட்டவருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் முழு உரிமை, அதற்குப் பின் வருபவர்களுக்கு அவரவர் நிலை பார்த்து என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

உரிமையின் மையத்தில் இருப்பது தெரிவு என்பதைக் காட்ட இன்னொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். 1977க்குப் பிறகு மலையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், 1983க்குப் பிறகு படகேறித் தமிழ்நாட்டு முகாம்களில் சேர்ந்தவர்கள். இந்திய வம்சாவளியினரான இவர்களின் தொகை முப்பதினாயிரத்தை ஒட்டியது. இலங்கை 2003இல் இந்திய வம்சாவளியினரான நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 2009இல் அதைத் திருத்தி, இந்தியாவில் புகலடைந்திருப்பவர்களுக்கும் வழி செய்தது. நல்ல சட்டம், பாராட்டலாம். ஆனால் இவர்களில் பலர் இந்தியாவிலேயே இருக்க விரும்புகிறார்கள். இந்தியா இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்றது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் புதிதாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழிவிட்டார். 1964இல் வம்சம் போதும் என்று கேளாமலே மக்களை எடுத்துக்கொண்ட இந்தியா, வம்சத்தோடு நாற்பது ஆண்டு வதிவும் உள்ளவர்களை ஏற்கத் தயங்குகிறது. திரும்பி வர விரும்புவோருக்கு இலங்கை வைத்திருக்கும் வரவேற்பும் சொல்லத்தக்கதாக இல்லை. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் ஏற்பாட்டில் யாழ்ப்பாண விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், பல்லாண்டுக்கு முன் கடவுச்சீட்டின்றி நாட்டைவிட்டுப் போனார் என்று கைதானார். 194ஆம் தீர்மானம் திரும்பச் சொல்லவில்லை. விரும்பினால் திரும்பலாம், விரும்பாவிட்டால் ஈடு பெறலாம் என்றது. அந்த இரண்டாம் பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

போனவர்களின் வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறாரே என்பார்கள். பொஸ்னியாவிலும் இருந்தார்கள். 1995ஆம் ஆண்டு டேய்ட்டன் உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு வீட்டை உரியவரிடம் திருப்பச் சொன்னது. ஒரு தசாப்தத்துக்குள் பத்து இலட்சம் பேர் திரும்பினார்கள். எல்லோரும் நிலைத்திருக்கவில்லை, சிலர் வீட்டை மீட்டு விற்றுவிட்டுப் போனார்கள். அதுவும் தெரிவே. நம் நாட்டிலேயே இந்த அளவுகோலுக்கு ஒரு சோதனை இருக்கிறது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். புத்தளத்தில் ஒரு தலைமுறை வளர்ந்த பிறகு அவர்கள் திரும்பியபோது, இப்போது ஏன் வருகிறார்கள், காட்டைப் பிடிக்கவா என்று கேட்ட குரல்களில் தமிழ்க் குரலும் இருந்தது. காஸாவுக்காகக் கண்ணீர் விடும் தமிழர் மன்னார் முசலிக்குத் திரும்பும் முஸ்லிமைச் சந்தேகத்தோடு பார்த்தால், அந்தக் கண்ணீரை யாரும் பெரிதாக மதிக்க மாட்டார்கள்; மதிக்கவும் வேண்டாம்.

கடைசி மறுப்பு, உங்களிலேயே சிலர் மனத்தில் வைத்திருப்பது. யார் வரப்போகிறார்கள்? கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014இல் மலை சரிந்து லயங்களை மூடிய நாட்டுக்கு, நாட்சம்பளத்துக்குப் போராடிக்கொண்டிருக்கும் தோட்டத்துக்கு யார் திரும்புவார்கள்? மிகச் சிலரே திரும்புவார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். உரிமை அதனால் சிறுத்துவிடாது. அரசுக்கு அதனால் செலவு குறையும் என்பது மட்டும் மெய். லயக் காம்பராவுக்குத் திரும்பும்படி எவரையும் நாம் அழைக்கவில்லை. பிறந்த நாட்டின் பிரஜையாக வர, போக, வேண்டுமானால் தங்க, ஓர் உரித்தைக் கேட்கிறோம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. இலங்கைச் சட்டத்தில் இரட்டைப் பிரஜாவுரிமை உண்டு. பிரஜாவுரிமையை இழந்தவர்கள் அதை மீளப் பெறலாம். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் அதைப் பெற்றிருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர் அதைக் கேட்க முடியாது. அவர் எதையும் இழக்கவில்லை, ஏனென்றால் அவருக்கு எதுவும் கொடுக்கப்படவே இல்லை என்பது சட்டத்தின் பதில். இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்பதில்லை என்பதால் அவர் ஒன்றை விட்டு ஒன்றைத் தெரிய நேரலாம். அதை அவரே தெரியட்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும்: 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கையில் வதிந்து, ஒப்பந்தத்தின் கீழ் அனுப்பப்பட்டவரும் அவருடைய பிள்ளைகளும் பதிவு கேட்கலாம் என்று. சான்றுக்கு என்ன செய்வார்கள் என்று அதிகாரிகள் கேட்பார்கள். 1948இல் கேட்ட அதே கேள்விதான், ஆனால் இம்முறை பதில் இருக்கிறது. அவர்களை அனுப்பக் கண்டியிலிருந்த இந்திய அலுவலகம் கொடுத்த கடவுச்சீட்டில் பிறந்த இடம் எழுதியிருக்கிறது. பசறை, பதுளை, அப்புத்தளை, ஹாலிஎல என்று.